ஒரு குடம் தண்ணியும் ஒரு கூடைச் சருகும்



மலர் போடுறோம், நீங்களும் ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கன்னு தலைவி கேட்டாங்க. குழு ஆரம்பிச்ச கதையை எழுதலாம்னுதான் முதல்ல நினைச்சேன். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு தொடங்கியதே நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கினார்கள். அப்போ கிருஷ்ணகிரியும் நம்ம மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஆனால் அந்தக் கதையை இந்த மலரில் வேறு அக்காமார் எழுதுவாங்க. நான் எழுதப் போறது எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் ஏறாத ஒரு வரலாறு.

கோடையில் செடியோட காலடி மண் காயாம இருக்க நாம சருகு, தழை, வைக்கோல் போட்டு மூடுறோமே, அதுக்கு மூடாக்குன்னு பேர். அந்த மூடாக்கு முன்னாடி நம்ம கையில் இருந்தது. நடுவில் விட்டுட்டோம். இப்போ திரும்ப எடுத்திருக்கோம். ஏன் விட்டோம், ஏன் எடுத்தோம்னு யோசிச்சுப் பார்த்தா, எல்லாமே தண்ணியை யார் சுமந்தாங்க என்கிற கேள்வியில வந்து நிக்குது.

ஆயாவின் கத்தரிப் பாத்தி

எங்க ஆயாவுக்கு, அதாவது எங்கம்மாவைப் பெத்தவங்களுக்கு, வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு சென்ட் அளவுக்கு ஒரு காய்கறிப் பாத்தி இருந்தது. கத்தரி, மிளகாய், அவரை, கொஞ்சம் கீரை. தாத்தா கொல்லையில ராகியும் கடலையும் போடுவார். அதுக்கு மழைதான். கிணத்துல கவலை இறைச்சா அந்தத் தண்ணி ஆம்பளைங்க பயிருக்குப் போகும். ஆயாவோட கத்தரிக்கு யாரும் மாடு பூட்ட மாட்டாங்க. கிணத்துப் படியில இறங்கி, குடத்துல மொண்டு, இடுப்புல வச்சு ஏறி வந்து ஊத்தணும்.

அதனால ஆயாவுக்கு ஒவ்வொரு குடமும் கணக்கு. சித்திரை வெயில்ல பாத்தி முழுக்க மூடித்தான் இருக்கும். மாடு தின்னாத பழைய ராகித்தாள், மழையில நனைஞ்சு பூசணம் பிடிச்ச வைக்கோல், கடலைத் தோல், ஆவாரந்தழை, புங்கந்தழை, இப்படிக் கையில கிடைக்கிறதெல்லாம் போடுவாங்க. பொழுது சாய்ஞ்ச பிறகு, மூடியிருக்கிற தழையைக் கொஞ்சம் விலக்கி, வேர்ல தண்ணி ஊத்திட்டு, மறுபடி மூடிடுவாங்க. "வெறும் மண்ணை வெயில்ல விடாதடி" என்பாங்க. மூடாத பாத்திக்குத் தினமும் ஊத்தணும், மூடின பாத்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊத்தினா போதும். சின்னப் பிள்ளையா இருக்கும்போது நானும் கூடவே குடம் தூக்கினதால அந்தக் கணக்கு எனக்கு இடுப்பு வலியாவே தெரியும்.

இது ஏன் நடக்குதுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுக்குது பாருங்க, அந்த மாதிரி மண்ணுக்குள்ள இருக்கிற மயிரிழை போன்ற சந்துகள் அடியில இருக்கிற ஈரத்தை மேலே இழுக்குது. மேலே வந்த ஈரத்தை வெயிலும் காத்தும் கொண்டு போயிடுது. அப்புறம் இன்னும் கொஞ்சம் ஈரம் மேலே வருது. இப்படியே அடிவரை காய்ஞ்சு போகுது. மேலே ஒரு போர்வை இருந்தா வெயில் மண்ணைத் தொடாது, காத்தும் உரசாது. மண் சூடேறாது. வெளிச்சம் படாததால களையும் அவ்வளவா முளைக்காது. களை இல்லேன்னா அது குடிக்கிற தண்ணியும் மிச்சம்.

தாத்தா கொல்லையில செஞ்சதும் இதோட சொந்தக்கார வேலைதான். கோடை மழை பெஞ்ச கையோட உழுது போட்டுடுவார். மேல்மண் புழுதியாக் கிடக்கும். அந்தப் புழுதிதான் கீழே இருக்கிற ஈரத்துக்கு மூடி. அவர் செஞ்சதுக்குக் கோடை உழவுன்னு பேர் இருந்தது, எல்லாரும் அதைப் பத்திப் பேசுவாங்க. ஆயா செஞ்சதுக்கு எங்க வீட்டுல பேர்கூட இல்லை. "கெழவி குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுது" என்பாங்க, அவ்வளவுதான்.

மோட்டார் வந்தது, துடைப்பம் வந்தது

1990இல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். அந்த வருஷம்தான் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம்னு அறிவிச்சாங்க. எங்க மாமனார் கிணத்துல ஏற்கெனவே மோட்டார் இருந்தது. பொத்தானைத் தட்டினா தண்ணி. காய்கறிப் பாத்திக்கும் ஒரு குழாய் நீட்டி விட்டாச்சு. குடம் தூக்கிச் செடிக்கு ஊத்துற வேலை போச்சு. எனக்குச் சந்தோஷம்தான், இல்லேன்னு சொன்னா பொய்.

ஆனா தண்ணி சுமக்கிற வேலை போனதும், தண்ணியை மிச்சம் பிடிக்கிற வேலையும் போயிடுச்சு. யாருக்கு அது வேணும்? அதோட எங்க மாமியாருக்கு வாசலும் பின்கட்டும் வழிச்சு விட்ட மாதிரி இருக்கணும். வேப்பஞ்சருகு, புளியஞ்சருகு, மாவிலை எல்லாத்தையும் விடியக்காலையில பெருக்கிக் குவிச்சுத் தீ வைக்கிறதுதான் நல்ல மருமகளுக்கு அடையாளம். இருபத்தாறு வருஷம் நான் அப்படித்தான் கொளுத்தினேன். ஆயா கூடை கூடையாச் சேர்த்து வச்சதை நான் கூடை கூடையாச் சாம்பலாக்கினேன். மாமியாரைக் குறை சொல்லலை. பாம்பு, தேள் பயம் அவங்களுக்கு. அது நியாயமான பயம்தான்.

இன்னொண்ணும் சொல்லணும். எல்லா வீட்டுலயும் சருகு, தட்டை மிச்சம் இருந்ததில்லை. தாள் மாட்டுக்குப் போகும். துவரை மாரும் பருத்தி மாரும் அடுப்புக்குப் போகும். மண்ணுக்குப் போட எது மிஞ்சும்? 2007இலிருந்து இலவச கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பிச்ச பிறகுதான் பல வீட்டுல மார், தட்டை எல்லாம் மிஞ்சுச்சு. அதையும் வரப்போரம் போட்டுக் கொளுத்தத்தான் செஞ்சோம்.

கிணறு வத்திப் போச்சு

மோட்டார் இழுக்க இழுக்கக் கிணத்துத் தண்ணி கீழே போச்சு. கிணத்துக்குள்ளேயே துளை போட்டாங்க. அப்புறம் கொல்லையில போர். முந்நூறு அடி, அப்புறம் எழுநூறு, அப்புறம் ஆயிரம் அடின்னு ஊர் முழுக்கப் போட்டி. அடியில இருந்து வந்த தண்ணியில ஃப்ளோரைடு. நம்ம பிள்ளைங்க பல்லுல காவி ஏறினது உங்க எல்லாருக்கும் தெரியும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, காவேரித் தண்ணி குழாயில வந்தப்போ நாம கும்பிட்டு வாங்கினோம். அந்தத் தண்ணியைச் செடிக்கு ஊத்த யாருக்கு மனசு வரும்?

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்ச்சது. தமிழ்நாட்டில் வழக்கமாப் பெய்யுறதை விட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் மாநிலம் முழுக்க வறட்சின்னு அரசே அறிவிச்சது. எங்க போரும் அந்த மழைக்காலத்துலதான் நின்னு போச்சு.

இப்போ சொல்லப் போறதை எங்க குழுவுல இருக்கிறவங்க தவிர யாருக்கும் சொன்னதில்லை. கறவை மாடு வாங்கன்னு நான் குழுவில் 50,000 ரூபாய் கடன் எடுத்தேன். மாடு வாங்கலை. வீட்டுக்காரர் வெளியில வாங்கின கடனோட அதையும் சேர்த்து ரெண்டாவது போர் போட்டோம். ராத்திரி பூரா வண்டி ஓடுச்சு. வெறும் புழுதிதான் பறந்தது. விடியக்காலையில வண்டிக்காரர் குழாயைக் கழட்டிட்டுப் போனார். நான் குழுவோட பிரதிநிதி. மத்தவங்க கடனைச் சரியா பயன்படுத்துறாங்களான்னு போய்ப் பார்க்கிறவளே நான்தான்.

அடுத்த கூட்டத்துல எழுந்து உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. ஒரு அக்கா, "தவணைக்கு என்ன வழி வச்சிருக்க?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை. அப்போ எங்க குழுவிலேயே வயசானவங்க, கையெழுத்துப் போடப் பழகினதே குழுவுக்கு வந்த பிறகுதான், அவங்க கேட்டாங்க:

"சந்தையில காய்க்கு வாரம் எவ்வளவு கொடுக்கிற?"

"இருநூறு ஆகுதுங்க பெரியம்மா."

"அதை நிறுத்து. பின்கட்டுல கத்தரி போடு."

"தண்ணிக்கு எங்க போவேன்?"

"அரிசி கழுவுற தண்ணி, பாத்திரம் அலசுற தண்ணி எங்க போவுது? அதை ஊத்து. மேல சருகைப் போட்டு மூடு. நீ தினம் கொளுத்துறியே, அதைத்தான்."

எங்க ஆயாவே வந்து சொன்ன மாதிரி இருந்தது. எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான். தெரிஞ்சே இருபத்தாறு வருஷம் கொளுத்தியிருக்கேன்.

முதல்ல செஞ்சது தப்பாத்தான் போச்சு. காய்ஞ்ச மண்ணு மேல, காய்ஞ்ச தட்டையைத் தண்டோட ஒட்டிப் போட்டேன். கரையான் ஏறி, பதினஞ்சு மிளகாய்ச் செடியை அடியோட தின்னுட்டுது. பெரியம்மாதான் வந்து பார்த்துட்டு, தண்டைச் சுத்தி ஒரு கை அகலம் இடம் விடச் சொன்னாங்க. தண்ணி ஊத்தி மண் நனைஞ்ச பிறகு போர்த்தணும், வேப்பந்தழையும் கலந்து போடணும்னாங்க. அதுக்கப்புறம் நின்னுச்சு. 2017 வைகாசியில முப்பது கத்தரிச் செடி காய்ச்சது. சோப்பு படாத தண்ணி மட்டும்தான் ஊத்தினேன், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்.

தவணை ஒண்ணுகூடத் தவறலைன்னு கதை விட மாட்டேன். ரெண்டு மாசம் தவறுச்சு, குழு பொறுத்துக்கிச்சு. கத்தரிக்காய் வித்துக் கடனை அடைச்சேன்னும் சொல்ல மாட்டேன். வாரம் சந்தைக்குப் போன இருநூறு ரூபாய் தவணைக்குப் போச்சு. மிச்சத்துக்குக் கூலி வேலைக்குப் போனேன். 2018 கடைசியில் கடன் முடிஞ்சது. நான் இன்னும் குழுவுல இருக்கேன்னா அந்தக் கூட்டமும் அந்தப் பாத்தியும்தான் காரணம்.

வேறு ஊர்களிலும் இதே கதை

பிறகு ஒரு பயிற்சியில் மூடாக்கு பற்றிப் பாடம் எடுத்தாங்க. அப்போதான் இதை உலகத்துக்குச் சொன்னவங்க பேரெல்லாம் கேட்டேன். ஜப்பானில் மசானோபு ஃபுகுவோகா என்று ஒருவர். நெல் அறுத்த பிறகு வைக்கோலை எடுத்துட்டுப் போகாம அந்த வயல்லயே பரப்பிவிட்டுப் பயிர் செஞ்சவர். 1975இல் அவர் எழுதிய புத்தகம் தமிழில் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' என்று வந்திருக்கு. 1988இல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தாங்க. நம்ம தமிழ்நாட்டில் கோ. நம்மாழ்வார் ஐயா. 1963இல் கோவில்பட்டி விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தவர், மானாவாரி நிலத்துக்கு அங்கே சொல்ற முறை ஒத்துவராதுன்னு வேலையை விட்டவர். 2013 டிசம்பர் 30இல் இறக்கிற வரைக்கும் ஊர் ஊராப் போய் இயற்கை வேளாண்மை பற்றிப் பேசினார். மூடாக்கு என்கிற சொல் இன்னிக்கு இத்தனை பேர் வாயில வருதுன்னா அதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. சுபாஷ் பாலேக்கர் ஐயாவோட ஜீரோ பட்ஜெட் முறையிலும் மூடாக்கு ஒரு தூண். அவர் அதை 'ஆச்சாதனம்' என்கிறார்.

ஆனா எனக்கு மனசுல நின்னது ஒரு பொம்பளை கதை. அமெரிக்காவில் ரூத் ஸ்டவுட் என்று ஒருத்தங்க, 1884இல் பிறந்தவங்க. வீட்டுக்குப் பக்கத்துல பெரிய காய்கறித் தோட்டம் வச்சிருந்தாங்க. வருஷா வருஷம் உழுது கொடுக்க ஆள் வரணும். அவர் இன்னிக்கு, நாளைக்குன்னு இழுப்பார். 1944இல் காத்திருந்து சலிச்சுப் போய், உழாமலே விதைச்சுட்டாங்க. மாடு தின்னாத கெட்டுப்போன வைக்கோலை ஏறக்குறைய ஒரு சாண் உயரத்துக்குத் தோட்டம் முழுக்கப் போட்டாங்க. அதுக்கப்புறம் உழவும் இல்லை, களையெடுப்பும் இல்லை. வயசான காலம் வரை தனியா அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கிட்டாங்க. 1955இல் அதைப் புத்தகமாவும் எழுதினாங்க. உழ ஆள் கிடைக்காம, டிராக்டர்காரர் வீட்டு வாசல்ல நின்ன நம்ம அக்காமாருக்கு இந்தக் கதை புரியும்.

அவங்க ஊர்ல வைக்கோல் மலிவு, மழையும் உண்டு. நம்ம ஊர்ல மாட்டுக்கே தீவனம் பத்தாது. அதனால அவங்க செஞ்சதை அப்படியே செய்ய முடியாது. நம்மகிட்ட இருக்கிறதை வச்சுத்தான் செய்யணும்.

நாம என்ன போடலாம்

மாடு திங்கிறதை மண்ணுக்குப் போடாதீங்க. மாஞ்சருகு, புங்கஞ்சருகு, கடலைத் தோல், ஆவாரந்தழை, பிடுங்கின களை எல்லாம் போடலாம். களையைப் பூ விடுறதுக்கு முன்னாடி பிடுங்கிப் போடணும். விதை கட்டின பார்த்தீனியத்தைப் போட்டா அடுத்த வருஷம் பாத்தி முழுக்க அதுதான் முளைக்கும். மரத்தூள் கிடைச்சா அப்படியே மண்ணோட கலக்காதீங்க. அது மக்கும்போது மண்ணுல இருக்கிற தழைச்சத்தை இழுத்துக்கும், செடி மஞ்சளடிக்கும். சாணித் தண்ணி தெளிச்சு மக்கவிட்டுப் போடுங்க.

நாலு விரல் உயரம் இருந்தா போதும். விதை போட்ட உடனே மூடக் கூடாது, முளைச்சு ஒரு சாண் வளர்ந்த பிறகு மூடணும். தென்னை வச்சிருக்கிறவங்களுக்கு வேளாண் பல்கலைக்கழகமே ஒரு கணக்குச் சொல்லுது. மரத்தைச் சுத்தி 1.8 மீட்டர் வட்டத்துல 100 உரிமட்டையை முதுகு மேலே பார்க்கிற மாதிரி அடுக்கலாம், இல்லேன்னா 15 காய்ஞ்ச ஓலை போடலாம், இல்லேன்னா தென்னை நார்க்கழிவை 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பலாம். தேள், பூரான் பயம் இருந்தா, வீட்டுச் சுவரை ஒட்டிப் போடாதீங்க. தழையைக் கையால விலக்காம குச்சியால விலக்குங்க. எங்க மாமியாரோட பயத்துக்கு அதுதான் பதில். இருபத்தாறு வருஷம் கழிச்சுக் கண்டுபிடிச்சேன்.

பாலக்கோடு பக்கம் தக்காளிக் கொல்லையில மல்ச்சிங் ஷீட் விரிச்சிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. மேலே வெள்ளி நிறம், கீழே கருப்பு. ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும், பெரிய கொல்லைக்கு ஆள் கூலி மிச்சம். அதை நான் குறை சொல்ல வரலை. ஆனா அது மக்கி எருவாகாது. பருவம் முடிஞ்சதும் கிழிஞ்சு காத்துல பறக்குது, மாடு திங்குது. ரெண்டு சென்ட் வீட்டுத் தோட்டத்துக்குக் கடன் வாங்கி ஷீட் போட வேண்டாம்னு மட்டும் சொல்வேன். கடன் வாங்கி போர் போட்டவ சொல்றேன், கேளுங்க.

ஒரு வேண்டுகோள்

எங்க ஆயா இறந்து ரொம்ப வருஷமாச்சு. பெரியம்மாவும் போன வருஷம் போயிட்டாங்க. அவங்க ரெண்டு பேர் பேரும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்க ஊர்லயும் இப்படி ஒரு ஆயா இருப்பாங்க. அவங்க உயிரோட இருக்கும்போதே போய், கோடையில எதை வச்சு மூடினீங்க, எத்தனை குடம் ஊத்தினீங்கன்னு கேளுங்க. கேட்டதைக் குழுவோட தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதி வையுங்க.

அப்புறம் ஒண்ணு. வர்ற பங்குனியில ஒவ்வொரு குழுவும் யாராவது ஒரு உறுப்பினர் வீட்டுல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பாத்தி போடட்டும். அளவும் ஒண்ணு, செடியும் ஒண்ணு. ஒண்ணை மூடுங்க, ஒண்ணை மூடாம விடுங்க. விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ஞ்சா மட்டும் தண்ணி ஊத்துங்க. ஒரு மாசம் எந்தப் பாத்திக்கு எத்தனை குடம் ஆச்சுன்னு சேமிப்புக் கணக்கு மாதிரியே எழுதி, கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. நானும் என் கணக்கைக் கொண்டு வரேன்.